அடிபோனெக்டின் இதயத்தைக் காக்குதா, காட்டிக்குடுக்குதா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):

இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்த தலைப்பு, கொழுப்பிழையம் சுரக்கிற ஓமோன்களும் (அடிபோனெக்டின், லெப்டின், ரெசிஸ்டின்) இதயத் தசைச் சேதமும். ரெண்டு இடத்தில முட்டிக்கொண்டு நிக்குது.

ஒண்டு: விரிவுரைக் குறிப்பில லெப்டினும் ரெசிஸ்டினும் இதயத்துக்குக் கேடு, அடிபோனெக்டின் காவல்காரன் எண்டு நேர்கோடா எழுதியிருக்கு. இதயச் செயலிழப்புப் பற்றின கட்டுரைகளைத் திறந்தா, அடிபோனெக்டின் கூடின நோயாளிகள்தான் முந்திச் சாகிறாங்க எண்டு வருது. காவல்காரன் கூடக் கூட வீடு கொள்ளை போகுமா?

மற்றது செய்முறை. 24 விஸ்டர் இன ஆய்வுகூட எலி, ஆணும் பெண்ணும் கலந்து. அரைவாசிக்கு வழமையான தீன், மற்ற அரைவாசிக்கு அதே தீனில 20% தேங்காயெண்ணெய் பிசைஞ்சு 8 கிழமை. மறுகா ரெண்டு கூட்டத்தையும் பாதியாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு இதயத் தசையைச் சேதப்படுத்த ஐசோபிரினலின் கிலோவுக்கு 85 மி.கி., தோலுக்குக் கீழ, 24 மணி இடைவெளியில ரெண்டு ஊசி. ரெண்டாவது ஊசி போட்டு 24 மணியில குருதி எடுத்து அடிபோனெக்டின், லெப்டின், ட்ரொபோனின்-ஐ (இதயத்தசை சேதப்பட்டாக் குருதிக்கு வாற புரதம்) மூண்டையும் எலைசாவில (பிறபொருளெதிரியால அளக்கிற தட்டுச் சோதனை) பார்க்கிறது. நெறிமுறைக் குழுவுக்குக் குடுக்க முந்தி, இதில எங்க பிழைக்கும் எண்டு தெரிஞ்சவங்க சொன்னா உதவி.

எக்கோ அறை (கல்முனை):

கொள்ளை போன வீட்டுக்கு முன்னால பொலிஸ் கூடத்தான் நிக்கும் தம்பி. அதைப் பார்த்துப் பொலிஸ்தான் கொள்ளையடிச்சது எண்டு ஆரும் சொல்லமாட்டாங்க. முதல் கேள்விக்குப் பாதி மறுமொழி அதுதான். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் உள்ளுக்குப் போகவேணும்.

இதயம் நல்லா இருக்கேக்க அடிபோனெக்டின் என்ன செய்யுது? கலத்தின் மேல உள்ள அடிப்போஆர்1, ஆர்2 வாங்கிகளில ஒட்டி ஏ.எம்.பி.கே எண்ட நொதியத்தை உசுப்புது. குருதியோட்டம் நிண்டு திரும்பி வாற நேரத்தில தசைக்கலம் தற்கொலைப் பாதைக்குப் போகாமப் பிடிச்சு வைக்கிறது இதுதான். இன்னொரு கை கொக்ஸ்-2 எண்ட நொதிய வழி: அதால அழற்சியைக் கிளப்புற டி.என்.எஃப்-அல்பா அடங்கும், அழற்சி குறையும். 2005 இல் பொஸ்ரனில செய்த சுண்டெலி ஆய்வு இந்த ரெண்டு வழியையும் பிரிச்சுக் காட்டினது. அடிபோனெக்டின் மரபணு இல்லாத சுண்டெலிக்கு இறந்த தசையின் பரப்புக் கூட. வெளியில இருந்து புரதத்தைக் குடுத்தாக் குறைஞ்சது. சாதாரண சுண்டெலிக்குக் குடுத்தும் குறைஞ்சது. ஆகவே காவல்காரன் எண்டது பொய்யில்லை.

இதயம் தளர்ந்த பிறகு கணக்கு மாறுது. இழுபட்ட இதயவறைச் சுவர் பி.என்.பி எண்ட ஓமோனைச் சுரக்கும். அந்த பி.என்.பி கொழுப்புக் கலத்தை நேரடியாகத் தூண்டி அடிபோனெக்டினைக் கூட்டும். சிறுநீரகமும் சேர்ந்து தளர்ந்தா வெளியேறுறதும் குறையும். நோய் முத்தி உடம்பு கரைஞ்சா, கொழுப்புக் குறையக் குறைய இந்த ஓமோன் இன்னும் ஏறும். மற்றக் கொழுப்போமோன்களுக்கு நேர் எதிரான குணம் இது. போதாக்குறைக்கு, செயலிழப்பில எலும்புத்தசை இந்த ஓமோனுக்குச் செவிடாகிறதும் தெரிஞ்ச விசயம். கூடின அளவு இங்க நோயின் ஆழத்தைச் சொல்ற அடையாளம். நோயைக் கொண்டுவந்தது அது எண்டு எழுத ஏலாது.

இன்னொரு குழப்பத்தையும் இப்பவே சொல்லிடுறன். மாரடைப்பு வந்த முதல் சில நாளில அடிபோனெக்டின் குருதியில குறையும், சேதப்பட்ட தசையில போய்ச் சேரும். அந்த நாளில எடுத்த அளவை நோயாளியின் வழமையான அளவு எண்டு எழுதினா முழு ஆய்வும் தலைகீழாப் போகும். நோயாளிகளின்ட தரவை வாசிக்கேக்க எத்தினையாம் நாள் குருதி எண்டு முதல் பாருங்க.

லெப்டினும் ஒரேயடியாக் கெட்டதில்லை. தொந்தி போட்டவருக்கு லெப்டின் கூட. பசியை அடக்கச் சொல்ற அதின்ட பேச்சை மூளை கேக்காது, ஆனா பரிவு நரம்பை முடுக்கிற பேச்சை மட்டும் கேக்கும். அதால பிறஷர் ஏறும். அதிரீனற் சுரப்பியில அல்டொஸ்ரரோனையும் லெப்டின் கூட்டும். அல்டொஸ்ரரோன் கூடினா தசைக்கு நடுவில நார் படியும். இதெல்லாம் கேடு. ஆனா லெப்டினே இல்லாத சுண்டெலிக்கு மாரடைப்பு உண்டாக்கினா, இருக்கிறதை விட மோசமாச் சாகுது. அதனால "கெட்டது" எண்டு ஒரு சொல்லில முடிக்காதீங்க. ரெசிஸ்டினைப் பொறுத்தவரை ஒரு வரி காணும்: சுண்டெலியில அது கொழுப்புக் கலத்தில வருது, மனிசரில பெரும்பாலும் வெள்ளணுக்களில. எலியில கண்டதை அப்படியே ஆளுக்கு ஏத்த ஏலாத முதல் உதாரணம் அது.

வந்தாறுமூலைக் குளம்:

செய்முறை பற்றி. எக்கோ அறை அண்ணன் சொன்னதோட வாக்குவாதம் இல்லை. ஆனா உங்கட திட்டத்தை இப்பிடியே விட்டா, என்ன முடிவு வந்தாலும் அது எதால வந்தது எண்டு சொல்ல ஏலாது.

பெரிய ஓட்டை ஐசோபிரினலின்தான். இலங்கையிலயும் இந்தியாவிலயும் எல்லாரும் எடுக்கிற மாதிரி எண்டதால நீங்களும் எடுத்திருப்பீங்க. மலிவு, நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை, 85 மி.கி. ரெண்டு தரம் எண்டதும் வழமையான அளவுதான். ஆனா அது அதிரினலின் ஒட்டிற பீற்றா வாங்கியைத் தூண்டிற மருந்து. பீற்றா வாங்கி இதயத்தில மட்டுமா இருக்கு? கொழுப்புக் கலத்திலயும் நிறைய இருக்கு. ஊசி போட்டவுடன கொழுப்புக் கரைஞ்சு கொழுப்பமிலம் குருதிக்கு வரும், அடிபோனெக்டின் மரபணுவின் வேலையும் நேரடியா அடங்கும். 24 மணியில அடிபோனெக்டின் குறைஞ்சு கிடந்தா, அது இதயம் சேதப்பட்டதாலயா, மருந்து கொழுப்பைத் தொட்டதாலயா? பிரிக்க வழியில்லை. கொழுப்போமோனை அளக்கிற ஆய்வுக்கு இந்த மாதிரி பொருந்தாது.

பொருந்திறது நாடியைக் கட்டி அவிழ்க்கிற மாதிரி. மயக்கி, செயற்கைச் சுவாசத்தில வைச்சு, இடது முன் இறங்கு நாடியை 6-0 பட்டு நூலால 30 நிமிசம் கட்டி, அவிழ்த்து 2 மணி குருதி ஓட விடுறது. கட்டினதும் முன்சுவர் வெளிறவேணும், ஈ.சி.ஜியில எஸ்.ரி பகுதி ஏறவேணும், ரெண்டும் வராட்டி முடிச்சு நாடியில விழேல்லை, அந்த எலி கணக்கில இல்லை. முடியிற வரைக்கும் உடம்பு வெப்பத்தை 37 இல் பிடியுங்க. ஒரு பாகை ரெண்டு பாகை குளிர்ந்தாலே சேதம் குறையும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்தது எண்டு எழுதிப்போடுவீங்க. ஐசோஃபுளுரேன் மயக்கமும் தன்பாட்டில இதயத்தைக் காக்கும், அதால எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே மயக்க மருந்து, ஒரே நேர அளவு.

முடிவில திரும்ப நூலை இறுக்கி எவன்ஸ் நீலம் எண்ட சாயம் 1% ஏத்தினா, நீலம் பிடிச்ச இடம் ஆபத்துக்கு வெளிய. பிடிக்காத இடம்தான், குருதி நிண்ட ஆபத்துப் பகுதி. இதயத்தை 2 மி.மீ. துண்டாக்கி 1% ரி.ரி.சி எண்ட சாயக் கரைசலில, பி.எச். 7.4, 37 பாகையில 15 நிமிசம் வையுங்க. உயிருள்ள தசை செங்கல் நிறமாகும், இறந்தது வெளிறி நிக்கும். மறுகா 10% ஃபோர்மலினில போட்டா நிற வித்தியாசம் தெளியும். இங்க வழமையா நடக்கிற பிழை, 2 மணி விடாம அரை மணியில இதயத்தை எடுக்கிறது. இறந்த கலத்தில இருந்து, ரி.ரி.சியைச் சிவப்பாக்கிற டிஹைட்ரஜனேசு நொதியம் கழுவுப்பட நேரம் வேணும். கழுவுப்படாட்டி இறந்ததும் சிவந்து காட்டும். ரி.ரி.சி வெளிச்சத்தில கெடும், கறுப்புப் போத்தலில வையுங்க. சேதத்தை ஆபத்துப் பகுதியின்ட சதவீதமாத்தான் எழுதவேணும். முழு இதயவறையின்ட சதவீதமா எழுதினா, முடிச்சு மேல விழுந்ததா கீழ விழுந்ததா எண்டதே உங்கட முடிவாப் போகும்.

சத்திரசிகிச்சை வசதியே இல்லை, ஐசோபிரினலின்தான் கதி எண்டா, தலைப்பில இருந்து கொழுப்போமோனை எடுத்துப்போட்டு இதயச் சேதத்தை மட்டும் பாருங்க. அப்பிடிச் செய்தாலும் ஒரு கணக்கு இருக்கு. 350 கிராம் எலிக்கு 85 மி.கி/கிலோ எண்டா 29.75 மி.கி. கொழுத்த 450 கிராம் எலிக்கு 38.25 மி.கி. கூடின அந்த 100 கிராம் பெரும்பாலும் கொழுப்பு. இதயம் அந்த விகிதத்தில வளரேல்லை. எட்டரை மி.கி. கூடுதலா வாங்கின இதயம் கூடச் சேதப்படுது எண்டா அது கொழுப்பின்ட குற்றமா, ஊசியின்ட குற்றமா? இதய எடையையும் உடல் எடையால பிரிக்காதீங்க, கொழுத்த எலிக்கு இதயம் சிறுத்த மாதிரிக் காட்டும். கால் எலும்பு, ரிபியாவின்ட நீளத்தால பிரியுங்க. கரைசல் அண்டண்டைக்குப் புதுசாக் கலக்கவேணும். இளஞ்சிவப்பு நிறம் வந்தா ஒட்சியேறிப் போச்சு, ஊத்துங்க.

தீன். வழமையான தீனில 20% எண்ணெய் பிசைஞ்சா, அந்த அளவுக்குப் புரதமும் உயிர்ச்சத்தும் கனியுப்பும் ஐதாகும். எண்ணெய்த் தீனில சக்தி கூட, அதால எலி கிராம் கணக்கில குறையத் தின்னும். ஐதான தீனைக் குறையத் தின்னா புரதக் குறைபாடு ரெட்டிக்கும். கேசீனும் உயிர்ச்சத்துக் கலவையும் சேர்த்து ஈடு செய்யவேணும். ஒப்பீட்டுக் கூட்டத்துக்கும் அதே மூலப்பொருளில, கொழுப்பு மட்டும் குறைஞ்ச தீன் செய்யவேணும். தேங்காயெண்ணெயை ஏன் எடுத்தீங்க எண்டு விளங்குது, வீட்டில கிடக்கிற சாமான். ஆனா அதில பாதிக்குக் கிட்ட லோரிக் அமிலம். நீளச் சங்கிலிக் கொழுப்பு மாதிரி அது உடம்பில தேங்காது. எலி எதிர்பார்த்த அளவு கொழுக்காது. பிரசுரமான ஆய்வுகளில அதிகம் பன்றிக் கொழுப்பு, இங்க அதைக் கையாள விருப்பமில்லாதவங்க இருந்தா மாட்டுக் கொழுப்பு எடுக்கலாம். சக்தியின்ட 45% கொழுப்பில இருந்து வாற மாதிரிக் கலந்து 12 கிழமையாவது குடுங்க. நம்மட வெக்கைக்கு எண்ணெய்த் தீன் சிக்கெடுக்கும். சிக்கெடுத்த எண்ணெய் தானே ஒட்சியேற்றச் சேதம் செய்யும். சின்னச் சின்னதாப் பிசைஞ்சு குளிரூட்டியில வைச்சு, கூட்டில கிடக்கிறதை ரெண்டு நாளுக்கு ஒருக்கா மாத்துங்க.

ஆணும் பெண்ணும் கலக்கவே வேணாம். ரெஸ்ரஸ்ரரோன் அடிபோனெக்டினைக் குறைக்கும், ஈஸ்திரசன் இதயத்தைக் காக்கும். ஆண் எலி மட்டும் எடுங்க. கூட்டத்துக்கு 6 எண்டதும் காணாது, நாடி கட்டிற பழக்கம் வரும் வரைக்கும் சிலது மேசையிலேயே போகும். 6 இல் 4 மிஞ்சினா அதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது.

பிப்பெற் (அக்கரைப்பற்று):

எலைசா பக்கம் ஆரும் தொடேல்லை, அதை நான் சொல்றன்.

அடிபோனெக்டின் குருதியில மி.லீ. க்கு மைக்ரோகிராம் கணக்கில ஓடுது. லெப்டின் நனோகிராம் கணக்கில. ஆயிரம் மடங்கு வித்தியாசம். ரெண்டுக்கும் ஒரே ஐதாக்கலைப் போட்டா அடிபோனெக்டின் தட்டில எல்லாக் கிணறும் ஒரே கடும் மஞ்சளா நிக்கும், அளவு தெரிஞ்ச கரைசல்களால வரைஞ்ச நியமக் கோட்டுக்கு மேல போயிரும். அப்பிடி வந்த அளவை நீட்டி மதிப்பிட்டு எழுதக்கூடாது. நூற்றுக்கணக்கான மடங்கு ஐதாக்கித் திரும்ப ஓட்டவேணும். எத்தினை மடங்கு எண்டு கிற் (சோதனைப் பெட்டி) தாளில போட்டிருக்கும், ஆனா ஒரே ஒரு மாதிரியை மூண்டு ஐதாக்கலில ஓட்டிப் பார்த்திட்டு மற்றதுக்குப் போங்க. ஒரே அடியில 500 மடங்கு ஐதாக்க 2 மைக்ரோலீற்றர் எடுக்காதீங்க, பிப்பெற்றின் பிழை அங்கதான். ரெண்டு படியில செய்யுங்க.

கிற் வாங்கேக்க முழு அடிபோனெக்டினா, உயர்மூலக்கூற்று வடிவமா எண்டு பாருங்க. மூண்டு மூண்டாச் சேர்ந்தது, ஆறு சேர்ந்தது, அதுக்கு மேல பெருங்கூட்டமாச் சேர்ந்தது எண்டு இந்தப் புரதம் மூண்டு உருவில ஓடுது. இன்சுலினோட நெருங்கின தொடர்பு பெருங்கூட்டத்துக்கு, அதாவது உயர்மூலக்கூற்று வடிவத்துக்குத்தான். எலிக்கு மனித கிற் வேண்டாம். ட்ரொபோனினுக்கும் அதே கதை, எலி ட்ரொபோனினை அடையாளம் காணும் எண்டு எழுதியிருந்தாத்தான் வாங்கவேணும்.

லெப்டினுக்கு நேரம் முக்கியம். ஆக்களில நள்ளிரவை ஒட்டி உச்சம், பகலில தாழ்வு. ஒரு நாள் பட்டினி கிடந்தாலே கொழுப்புக் குறையாமலே லெப்டின் விழும். சாப்பாட்டு நேரம் நகர்ந்தா இந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்து நகரும். அதால நோன்பு மாதத்தில எடுத்த மாதிரியையும் மற்ற மாதத்தில எடுத்ததையும் ஒரே அட்டவணையில போடக்கூடாது. அம்பாறை மாவட்டத்தில ஆள் சேர்க்கிறவங்க இதைத் திட்டத்திலயே எழுதவேணும். எலி இரவுப் பிராணி, அதுக்குக் கணக்கு வேற. எல்லா எலிக்கும் ஒரே மணிக்கு, ஒரே பட்டினி நேரத்தோட எடுத்தாக் காணும்.

குருதியை அறை வெப்பத்தில 30 நிமிசம் உறைய விட்டு, 10 நிமிசம் மையநீக்கியில சுத்தி, சீரத்தைச் சின்னச் சின்னப் பங்காப் பிரிச்சு −80 இல் வையுங்க. முழுசா ஒரு குழாயில வைச்சு மூண்டு தரம் உருக்கி உறைய வைக்கிறதுதான் வழமையான கூத்து. தன்பாட்டில பனி உருக்கிற வீட்டு ஃபிறிட்ஜ் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரி நோயாளியில எடுக்கிறதெண்டா, மாரடைப்புக்கு ஹெப்பாரின் ஏறியிருக்கும். சீரம் முழுசா உறையாம நார் நாரா நிண்டு தட்டுக் கழுவிற ஊசியை அடைக்கும். பயோட்டின் குளிசை போடுறாங்களா எண்டும் கேளுங்க. ஸ்ட்ரெப்டாவிடின் பாவிக்கிற சாண்ட்விச் முறைக் கிற் எண்டா அளவைக் குறைச்சுக் காட்டும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு):

எல்லாருக்கும் நன்றி. ஐசோபிரினலினை விடுறன். நாடி கட்டிற வசதி இல்லை. அப்ப எலியை விட்டிட்டு, கிளினிக்குக்கு வாற ஆக்களில இடுப்பளவு, இதயத்தைச் சுத்தின கொழுப்பு, அடிபோனெக்டின் மூண்டையும் பார்த்தா ஒரு தலைப்பாகுமா? அடிபோனெக்டினைக் கூட்டிற மருந்து குடுத்துப் பார்த்த ஆய்வு இருக்கா?

எக்கோ அறை (கல்முனை):

ஆகும். எலியை விட அது நல்ல தலைப்பு. இதயத் தசைக்கும் அதுக்கு மேல படிஞ்ச கொழுப்புக்கும் நடுவில சவ்வு ஏதும் இல்லை, ரெண்டுக்கும் ஒரே முடியுருநாடிதான் குருதி குடுக்குது. வயித்துக் கொழுப்பு விடுற ஓமோன் ஈரலையும் முழு உடம்பையும் சுத்திக்கொண்டு வரவேணும், இந்தக் கொழுப்பு விடுறது அடுத்த வீட்டு மதில் பாயிற மாதிரி நேரா இறங்கும். நல்ல காலத்தில தசைக்கு எரிபொருளும் அடிபோனெக்டினும் குடுக்கிற அதே கொழுப்பு, பருத்து அழற்சி பிடிச்சா டி.என்.எஃப், ஐ.எல்-6 எண்டு அழற்சிப் புரதங்களை விடத் தொடங்கும். இது எதுவும் கையில குத்தி எடுத்த குருதியில முழுசாத் தெரியாது. உங்கட ஆய்வுக்கு அதுதான் எல்லை, அதை மறைக்காம எழுதுங்க.

இந்தக் கொழுப்பை எக்கோவில (இதய அல்ட்ராசவுண்ட்) அளக்கிற விதம்: நோயாளி இடப்பக்கம் சரிஞ்சு படுக்க, பராஸ்ரேர்னல் (நெஞ்செலும்புக்குப் பக்கத்தால) நெடுவெட்டுப் பார்வை. வலது இதயவறையின் முன்சுவருக்கு மேல, பெருநாடி வளையத்தை அடையாளமா வைச்சு, சுவருக்குச் செங்குத்தா. சுருங்கி முடியிற கணத்தில அளக்கவேணும், விரியேக்க கொழுப்பு நசுங்கிக் குறையக் காட்டும். மூண்டு துடிப்பின் சராசரி. கோடு சரிஞ்சாத் தடிப்புக் கூடும்; கூடின பிழை இதாலதான். வெளிச் சவ்வுக்கு அப்பால உள்ள கொழுப்பையும் சேர்த்து அளக்காதீங்க: இதயத்தோட சேர்ந்து அசையிறதுதான் உங்களுக்கு வேணும். நீரா, கொழுப்பா எண்டு சந்தேகம் வந்தா, நீர் முழுக் கறுப்பு, படுத்த ஆளுக்குப் பின்பக்கம் தேங்கும். கொழுப்பு மணல் தூவின மாதிரிப் புள்ளி புள்ளியா, முன்பக்கம் நிக்கும். ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம அளந்து, எவ்வளவு ஒத்துப்போகுது எண்டு போடுங்க.

இடுப்பை உடுப்புக்கு மேல அளந்த தரவு குப்பை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடு, தோலில, மூச்சை விட்டு முடியேக்க, நாடா நிலத்துக்குச் சமாந்தரமா. சாறியும் சாரமும் கட்டுற இடம் அது இல்லை, அதால ஆக்களே காட்டிற இடத்தில அளக்காதீங்க. தெற்காசியருக்கு எல்லை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. நம்மட ஆக்களில கை கால் மெலிஞ்சு வயிறு மட்டும் முட்டின உடம்பு சாதாரணம், பி.எம்.ஐ 24 எண்டு கார்ட்டில கிடக்கும், நாடா 96 காட்டும். பி.என்.பி யும் பார்க்கப்போறீங்க எண்டா, கொழுத்தவருக்கு அது எதிர்பார்த்ததை விடக் குறைவா வரும் எண்டதை மறக்காதீங்க. நோர்மல் எண்டு விட்டா இதயச் செயலிழப்புத் தவறும்.

மருந்து: நீரிழிவு மருந்தான பயோகிளிற்றசோன் குடுத்தா அடிபோனெக்டின் நல்லா ஏறும். அதே மருந்து உடம்பில நீர் பிடிச்சு இதயச் செயலிழப்பைக் கூட்டும், காலில வீக்கத்தோட வாறவருக்குக் குடுக்கவே கூடாது. ஓமோனின்ட எண்ணிக்கையைத் துரத்தினா என்ன நடக்கும் எண்டதுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். வாங்கியை நேரா உசுப்பிற அடிப்போரோன் 2013 இல் தோக்கியோவில வந்தது, சுண்டெலியில வேலை செய்தது, மனிசருக்கு அனுமதிச்ச மருந்தாகேல்லை. கொழுப்பையே குறைக்கிற வழிதான் ஆக்களில பலன் காட்டியிருக்கு: 2023 இல் வந்த செலெக்ட் பரிசோதனையில, நீரிழிவு இல்லாத, இதயநோய் உள்ள, எடை கூடின 17,604 பேரில எடை குறைக்கிற செமாகுளுட்டைட் ஊசி பெரிய இதய நிகழ்வுகளை 20% குறைச்சது.

பிப்பெற் (அக்கரைப்பற்று):

ஒண்டு மட்டும். மாரடைப்பு வந்து மூண்டு மாதத்துக்கு உட்பட்டவங்களையும், கிரியற்றினின் (சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டிற அளவு) ஏறினவங்களையும், பயோகிளிற்றசோன் குடிக்கிறவங்களையும் சேர்க்கிற படிவத்திலயே விலக்கிப்போடுங்க. குருதி எடுத்து −80 இல் வைச்ச பிறகு விலக்கினா, கிற் காசு போனதுதான்.